பால் நேரத்து வார்னிங்

போன மாதம், கணினிப் பிரிவில் இருக்கும் உங்களில் ஒருவர் எனக்கு போன் செய்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த முறை போன் செய்ய மாட்டார். "மேடம், ஒரு குவெரி ஓடும்போதெல்லாம் 'ஆட்டோமேட்டிக் இண்டெக்ஸ் போட்டேன்'னு ஒரு வார்னிங் வருது. ஆனா ரிசல்ட் கரெக்டாத்தான் வருது. விட்டுடலாமா?" என்று கேட்டார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "விடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பாவம், திட்டிவிட்டேன் என்று நினைத்திருப்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருப்பதை இப்போது உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

எர்ரர் வந்தால் நீங்கள் எல்லோரும் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வருவீர்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வார்னிங் அப்படி இல்லை. வேலை முடிந்துவிடும், பதில் சரியாக வந்துவிடும், ஓரமாக ஒரு வரி மட்டும் கிடக்கும். யாராவது கவனித்தாலும், "அது சும்மா அப்படித்தான் சொல்லும்" என்பார்கள். கணினி சும்மா எதையாவது சொல்லி நான் பார்த்ததில்லை. சும்மா பேசுவது மனிதர்கள்தான், அதிலும் மீட்டிங்கில்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ செய்யும் நம் தொழிற்சாலையில் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. காலையில் காட்பாடியில் ரயில் ஏறுவேன். ஆம்பூர் வருவதற்கு முன்பே தோல் பதனிடும் வாடை பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். எங்கள் குளிரூட்டிய அறையில் பீரோ அளவுக்கு ஒரு கணினி இருந்தது. தொழிற்சாலை முழுக்க அங்கங்கே பச்சை எழுத்துத் திரைகள். அதில் ஒன்று கேட்டில் இருந்தது.

ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைன்களில் பெரும்பாலும் பெண்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்காக, சாலைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலையே ஒரு காப்பகம் நடத்தியது. கிரெச் என்போம். அம்மாவோடு கம்பெனி பஸ்ஸிலேயே குழந்தையும் வந்துவிடும். முற்பகலில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை, கால் மணி நேரம் அம்மாக்கள் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். தொழிற்சாலையில் அதற்குப் பெயரே 'பால் நேரம்'தான்.

கேட்டில் கெடுபிடி அதிகம். வெட்டிய தோல் துண்டுகள் வெளியே போகின்றன என்று ஒரு சந்தேகம் கிளம்பியதிலிருந்து யாரும் சும்மா வெளியே போக முடியாது. பால் நேரத்துக்குப் போகிற பெண் டோக்கன் எண்ணைச் சொல்ல வேண்டும்; காவலர் அதைத் தட்டுவார்; இவளுடைய குழந்தை இன்று கிரெச்சுக்கு வந்திருக்கிறதா என்று கணினி பார்த்துச் சொல்லும். அந்த ஒரு 'ஆம்' வருவதற்குள் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிவிடும். ஒருத்திக்கு ஒரு நிமிஷம் பெரிய விஷயமில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. ஒவ்வொருத்திக்கும் அந்த நிமிஷம் புதிதாக ஆனது. கடைசியில் நிற்பவளுக்குப் பால் நேரத்தில் முக்கால்வாசி கேட்டிலேயே தீர்ந்துபோகும்.

ஏன் அவ்வளவு நேரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நேற்று சேர்ந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். குவெரி என்றால் கணினியிடம் நாம் கேட்கும் கேள்வி. பெரிய புத்தகத்தில் ஒரு பெயரைத் தேட, கடைசிப் பக்கங்களில் அகரவரிசை அட்டவணை இருக்கும் இல்லையா? இண்டெக்ஸ் என்பது அதுதான். அது இல்லாவிட்டால் சில கணினிகள் தாங்களே அந்த நேரத்துக்கு ஒன்றைத் தயாரித்து, தேடி, பதிலைச் சொல்லிவிட்டு, தயாரித்ததைத் தூக்கி எறிந்துவிடும். அடுத்த ஆள் கேட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தோசைக்கும் தனியாக மாவு அரைத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுவது மாதிரி. தோசை நன்றாகத்தான் இருக்கும். அரைக்கிறவளின் தோள்தான் போய்விடும். "இப்படி அரைத்துக்கொண்டிருக்கிறேன்" என்று அவள் முனகுவதுதான் அந்த வார்னிங்.

எங்கள் கணினியும் முனகிக்கொண்டேதான் இருந்தது. முதலில் பார்த்தவர் பாஸ்கர், என்னோடு வேலை செய்த புரோகிராமர், ஆற்காட்டுக்காரர். கை வேகம் ஜாஸ்தி. பதிவேட்டில் எந்தக் கட்டத்துக்கு இண்டெக்ஸ் வேண்டும் என்று வார்னிங்கிலேயே எழுதியிருந்தது. அதே கட்டத்துக்கு நிரந்தரமாக ஒன்றைப் போட்டார். வார்னிங் நிற்கவில்லை. மறுநாள் காலை மக்கன் பேடா டப்பாவோடு வந்து நின்றார்.

"மேடம், வார்னிங் போய்டுச்சு. ஒண்ணு எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டேன். பேடா வாயில் இருக்கும்போதே கேட்டிலிருந்து போன். வரிசை அப்படியேதான் நிற்கிறதாம். பாஸ்கர் என்ன செய்திருந்தார் தெரியுமா? அந்தத் தகவல் எங்கள் திரைக்கு வராதபடி நிறுத்தியிருந்தார். அரைப்பது நிற்கவில்லை, முனகல்தான் நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு இன்னும் இரண்டு பேடா எடுத்துக்கொண்டேன். "மறுபடி அதைப் பேச விடுங்க பாஸ்கர். இனிமே நான் சொல்லாம ஸ்வீட் வாங்கக் கூடாது" என்றேன்.

அன்றைக்கு மத்தியானமே புரொடக்‌ஷன் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. கப்பல் ஏற்ற வேண்டிய தேதி எப்போதும் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மேசையில் ஒரு மெமோ, டைப் ஆகி, கையெழுத்துக்காகக் காத்திருந்தது. தையல் லைனில் இருக்கும் சகாயமேரிக்கு. பால் நேரம் முடிந்து தினமும் தாமதமாகத் திரும்புகிறாளாம். அவள் மெஷின் முன்னால் வேலை மலையாகக் குவிகிறதாம். ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கிவிட்டாள், இது மூன்றாவது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அவளுக்கு ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு கிராமம். நிலக்கடலை காய்ந்துபோன வருஷம் அது. வீட்டில் தவறாமல் வந்துகொண்டிருந்தது அவள் சம்பளம் ஒன்றுதான்.

"சார், கேட்ல எங்க சிஸ்டம் ஸ்லோவா இருக்கு. அதனாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மேடம். ஆனா இந்தப் பொண்ணு தினமும் முதல் ஆளா வெளியே போகுது. அதுக்கு முன்னாடி வரிசையே கிடையாது. திரும்பி வர்றது மட்டும் கடைசி ஆளா. இதுக்கும் உங்க சிஸ்டத்துக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. ஒரு நாள் பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பால் நேரத்துக்கு நானே கேட்டில் போய் நின்றேன். அவர் சொன்னது சரி. சகாயமேரி ஓட்டமும் நடையுமாக முதல் ஆளாக வந்தாள். மற்ற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. பால் கட்டிக்கொண்டு மாரில் வலியோடு நிற்கிற பெண்கள், தாமதத்துக்குப் பெயர்போன ஒருத்திக்கு ஏன் வழிவிட வேண்டும்? வரிசையின் கடைசியில் பர்வீன் என்று ஒரு பெண். பின்கட்டில் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற பிரிவு. அவ்வளவு தூரம் நடந்து வருவதற்குள் வரிசை நீண்டுவிடும். மேலாடை நனைந்து, துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, அவள் அந்தப் பச்சைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சாலையைக் கடந்து கிரெச்சுக்குள் போனேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். சகாயமேரி பாயில் உட்கார்ந்து ஒரு ஆண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்து அவளுக்குப் பெண் குழந்தை. அந்தப் பெண், ஜெனிஃபர், பக்கத்தில் படுத்துத் தன் கை முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்துகொள்ளப் பார்த்தாள். "உக்காருடி. புள்ள குடிச்சு முடிக்கட்டும்" என்றார் சிஸ்டர். பிறகு என்னிடம், "பர்வீனோட புள்ள, ஆசிப். எட்டு மாசத்துல பொறந்தவன். அழுவக்கூட தெம்பு இல்ல. அவ அம்மா வந்து சேர்றதுக்குள்ள பெல் அடிச்சிடுது. நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். சொல்லுங்கள் என்று கேட்டாலும் அது கேள்வி இல்லை, திட்டு.

"எனக்கு ஜாஸ்தியா சுரக்குது மேடம்" என்றாள் சகாயமேரி தலையைக் குனிந்துகொண்டே. "பாத்துக்கினு சும்மா இருக்க முடியல. மொதல்ல இவனுக்குக் குடுத்துட்டுதான் என் பொண்ணுக்கு. அவ கொஞ்சம் தாங்குவா."

பர்வீன் மூச்சிரைக்க உள்ளே வந்தபோது பால் நேரம் முடியப்போகிற சமயம். அவள் மகனை வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலை மட்டும் தடவினாள். என் மகனுக்கு நான் பாலை நிறுத்தியதும் வேலையால்தான். ஆனால் எனக்கு வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. ஏதாவது பேச வேண்டும் என்று, "உங்க வீட்ல தெரியுமா பர்வீன்?" என்றேன்.

"மாமியாருக்குத் தெரியும் மேடம். பால் குடுத்தவளும் அம்மாதான், தப்பு ஒண்ணும் இல்லன்னாங்க. ஆனா இவளோட பொண்ணு இனிமே ஆசிப்புக்குக் கூடப் பொறந்தவ முறை, கல்யாணப் பேச்சுன்னு வரவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"நான் இன்னாத்துக்குடி பேசப் போறேன்?" என்றாள் சகாயமேரி. "உன் புள்ள மூக்கப் பாத்தா என் பொண்ணு சர்ச்சுக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்குவா."

சிஸ்டர் உட்பட எல்லோரும் சிரித்தோம். மணி அடித்தது. சகாயமேரி அப்போதுதான் தன் மகளை எடுத்து மடியில் போட்டாள். நான் கிளம்பும்போது என் பின்னாலேயே வாசல் வரைக்கும் குழந்தையோடு வந்து, "சார் கிட்ட சொல்லிடாதீங்க மேடம். அவங்கவங்க புள்ளைக்குத்தான் குடுக்கணும்னு இங்க ரூலு. பர்வீனுக்கும் மெமோ வந்துடும்" என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பசங்களா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தாமதம் பிறந்தது கேட்டில். அடிபட்டவள் பர்வீன். ஆனால் கணக்கில் தாமதமாகத் தெரிந்தவள் சகாயமேரி, வரிசையிலேயே நிற்காதவள். அவள் பெயருக்கு நேராக இருந்த நிமிஷங்களை மட்டும் பார்த்திருந்தால் நானும் அந்த மெமோவில் தப்பு இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எந்த இடத்தில் மெதுவாக இருக்கிறது என்று நீங்கள் அளக்கும்போது, அந்த இடம் யாருடைய வேலையைச் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

மேனேஜரிடம் திரும்பிப் போனேன். கொடுத்த வாக்கு வாயைக் கட்டியிருந்தது. "சார், வர்ற ஞாயித்துக்கிழமை கேட் சிஸ்டத்தைச் சரி பண்ணிடறோம். அதுக்கப்புறம் ஒரு வாரம் பாருங்க. அப்பவும் அந்தப் பொண்ணு லேட்டுன்னா மெமோவை நானே டைப் பண்ணிக் கொண்டுவர்றேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க சிஸ்டத்துல எர்ரரே இல்லன்னு ரிப்போர்ட் வந்திருக்கே" என்றார். "எர்ரர் இல்ல சார், வார்னிங். வேலையை முடிச்சிட்டேன், ஆனா முடிக்கிறதுக்குள்ள உயிர் போச்சுன்னு சொல்றது" என்றேன். மெமோவை இழுப்பறையில் வைத்தார்.

என் அறைக்கு வந்து பாஸ்கரோடு உட்கார்ந்தேன். இதுவரைக்கும் நாங்கள் கேட்ட கேள்வி, எந்த இண்டெக்ஸ் இல்லை என்பது. அதுதான் இருக்கிறதே! பாஸ்கரே போட்டிருந்தார். அப்படியானால் கேட்க வேண்டியது, இருப்பதை ஏன் கணினி தொடமாட்டேன் என்கிறது என்பது. கேள்வியை மாற்றியதும் பதில் எதிரிலேயே இருந்தது. கிரெச்சை ஆரம்பித்தபோது யாரோ குழந்தைகளுக்குத் தனி எண் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். அம்மாவின் டோக்கன் எண், அதன் வாலில் ஒரு எழுத்து: முதல் குழந்தை என்றால் ஏ, இரண்டாவது என்றால் பி. கேட்டில் அம்மாவின் எண்ணைத் தட்டினால், கணினி வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்த குழந்தைகளின் வருகைப் பதிவுகளில் ஒவ்வொன்றாக அந்த வாலை வெட்டி, மிச்சத்தை அம்மாவின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். வாலோடு அடுக்கி வைத்த இண்டெக்ஸ், வால் இல்லாமல் தேடுவதற்கு எப்படி உதவும்? அதனால்தான் ஒவ்வொரு அம்மாவுக்கும் அது புதிதாக ஒன்றைச் செய்து எறிந்துகொண்டிருந்தது.

குழந்தையின் பதிவில் அம்மாவின் டோக்கனுக்கு வால் இல்லாமல் தனியாக ஒரு கட்டம், அதற்கு ஒரு இண்டெக்ஸ். வேலை அவ்வளவுதான். பாஸ்கருக்குக் கை துறுதுறுத்தது. "இப்பவே போட்டுடலாம் மேடம். மத்தியானப் பால் நேரத்துக்குள்ள முடிச்சிடுவேன்" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் நடுவில் ஏதாவது பிசகினால் 'ஆம்' என்று சொல்லவே ஆள் இருக்காது. ஒரு அம்மாகூட வெளியே போக முடியாது. சிஸ்டத்தை நம்பாமல் சிஸ்டரின் சீட்டை வைத்து அனுப்புங்கள் என்று செக்யூரிட்டி ஆபீசரிடம் கெஞ்சிப் பார்த்தேன். முடியவே முடியாது என்றுவிட்டார். ஞாயிறு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். அந்த நாட்களில் சகாயமேரி ஒவ்வொரு தடவையும் லேட். அவசரத்தில் கை வைக்காமல் இருப்பதும் ஒரு வேலைதான்; கூலி கிடைக்காத வேலை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் ஆம்பூருக்கு வந்தேன். பாதி வேலையில் பாஸ்கர் நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே கேட்டார்: "மேடம், அம்மா டோக்கனுக்கு ஒரு கட்டம் போதுமா? சில புள்ளைக்கு ரெண்டு அம்மா இருக்காங்களே." அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். கேலிக்குத்தான் கேட்டார். நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு, "ரெண்டு கட்டம் விடுங்க" என்றேன்.

திங்கட்கிழமை கேட்டில் நின்றோம். காவலர் எண்ணைத் தட்டி விரலை எடுப்பதற்குள் 'ஆம்' வந்தது. அவர் நம்பாமல் மறுபடி தட்டினார். வரிசை என்று ஒன்று சேரவே இல்லை. பர்வீன் வந்த வேகத்தில் நிற்காமல் வெளியே ஓடினாள். பாஸ்கர் என்னைப் பார்த்தார். "பேடா வாங்கலாமா மேடம்?" என்றார். "பொறுங்க" என்றேன். அது வாய்ப்பழக்கத்தில் சொன்னது. ஆனால் நல்லவேளை சொன்னேன்.

அன்றைக்கும் சகாயமேரி லேட்.

செவ்வாயும் லேட். புதனும் லேட். மேனேஜர் காரிடாரில் என்னைக் கடந்து போனார். கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை. வார்னிங் முழுக்க நின்றுவிட்டது, மறைத்து வைக்கவில்லை, நிஜமாகவே நின்றுவிட்டது. பிறகு ஏன்?

மறுபடி கிரெச்சுக்குப் போனேன். பர்வீன் மகனை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நேரத்துக்கு வந்துவிடுகிறாள், எடுத்துக்கொள்கிறாள். ஆனால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவனுக்குப் பழகியது சகாயமேரியின் மணம். ராத்திரி வீட்டிலும் புட்டிப்பால்தானாம்; பர்வீனுக்கும் இத்தனை நாள் குழந்தை சரியாக வாய் வைக்காமல் பால் கம்மியாகிவிட்டது.

"என் புள்ள என்னையே வேணான்றான் மேடம்" என்றாள்.

சகாயமேரி எதிரில் தன் மகளோடு உட்கார்ந்திருந்தாள். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. "குடுடி" என்று கையை நீட்டினாள். பர்வீன் கொடுத்தாள்.

"வந்துடும். திரும்பி வந்துடும்" என்றார் சிஸ்டர். "மேரி கொஞ்சம் குடுத்து அமைதி பண்ணிட்டு, பாதியில அம்மா கிட்ட மாத்தணும். வாய் வெச்சு வெச்சுதான் சுரக்கும். ஆனா அவசரப்படுத்தினா நடக்காது. இவங்க ரெண்டு பேருக்கும் டைம் குடுங்க."

நான் அங்கே நின்றுகொண்டு கற்றதை உங்களுக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள். மெதுவாக ஓடும் ஒரு சிஸ்டத்தைச் சுற்றி மனிதர்கள் தங்கள் வாழ்க்கையை மாற்றி அமைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதை வேகமாக்கிவிட்டுப் போய்விடுவீர்கள். அவர்கள் திங்கட்கிழமையே பழையபடி ஆகிவிட மாட்டார்கள். சரி செய்துவிட்டேன் என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கொஞ்ச நாள் பக்கத்தில் இருங்கள்.

வாரம் முடிந்தது. நான் கொடுத்த கெடுவும் முடிந்தது. மேனேஜரிடம் போவதற்கு முன் பெண்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "வாக்குக் குடுத்திருக்கேன், அதனால கேக்கறேன். சார் கிட்ட உண்மையைச் சொல்லட்டுமா?" என்றேன். சகாயமேரி பர்வீனைப் பார்த்தாள். பர்வீன், "சொல்லிடுங்க மேடம். என்னால இவ வேலை போவக் கூடாது. போனா ரெண்டு பேருக்கும் போவட்டும்" என்றாள்.

சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் நிமிராமலே கேட்டார், "மெமோ டைப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் சார்" என்று தாளை நீட்டினேன்.

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடப் போய், நிறுத்தினார். மெமோ சகாயமேரிக்கு இல்லை. கணினிப் பிரிவின் பொறுப்பாளருக்கு, அதாவது எனக்கு. கேட்டில் ஏற்பட்ட தாமதத்தால் ஒரு குழந்தை தன் தாயிடம் பால் குடிப்பதை மறந்துவிட்டது, இதற்கு விளக்கம் தரவும் என்று எழுதியிருந்தேன்.

"என்ன மேடம் இது? டிராமாவா?" என்றார் கோபமாக.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்ததை மறைக்கவில்லை. நான் முடித்ததும் அவர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "எத்தனை நாள் ஆகும்?"

"அத நான் சொல்ல முடியாது சார். அந்தப் புள்ளதான் சொல்லணும்."

மேனேஜர் இழுப்பறையிலிருந்த சகாயமேரியின் மெமோவை எடுத்துக் கிழித்தார். என்னுடையதையும் கிழித்தார். "அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ நேரம் வேணுமோ குடுங்க. ஆனா வாய்வார்த்தையா வேணாம், சூப்பர்வைசர் ஒத்துக்க மாட்டான். சிஸ்டத்துல ஏத்திடுங்க. அதுக்கெல்லாம் உங்க கிட்ட இடம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றேன். அன்றைக்கு பாஸ்கரைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

ஆசிப்பின் பதிவில், அம்மா டோக்கன் என்ற முதல் கட்டத்தில் பர்வீனின் எண். இரண்டாவது கட்டத்தில் சகாயமேரியின் எண். அது இருக்கிறவரைக்கும் அவள் தாமதமாகத் திரும்பினாலும் கணினி அதைத் தாமதம் என்று சொல்லாது.

கொஞ்ச நாளில் அவன் திரும்பிவிட்டான். எப்படித் தெரியும் என்றால், ஒரு நாள் பால் நேரம் முடிவதற்கு வெகு முன்னாலேயே சகாயமேரி கேட்டுக்குத் திரும்பி வந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. நான் பயந்துபோய், "இன்னாச்சு மேரி?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மேடம். இன்னிக்கு என்னாண்ட வரவே இல்ல. அவ கிட்டயே குடிச்சிட்டுத் தூங்கிட்டான். நல்லதுதானே" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். அன்று சாயங்காலம் பாஸ்கரிடம், "இப்ப வாங்குங்க" என்றேன்.

தேவை முடிந்ததும் இரண்டாவது கட்டத்தைக் காலி செய்திருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. பாஸ்கரும் ஞாபகப்படுத்தவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பழைய கணினியை எடுத்துவிட்டுப் புது சிஸ்டத்துக்கு மாறினோம். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், சுறுசுறுப்பான பெண், தேவையில்லாத கட்டங்களை எல்லாம் குறித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "மேடம், கிரெச் டேபிள்ல அம்மா டோக்கன்னு ரெண்டு கட்டம் இருக்கு. ரெண்டாவதுல இத்தனை வருஷத்துல ஒரே ஒரு ரெக்கார்டுக்குத்தான் வேல்யூ இருக்கு. தப்பா ஏறினதா இருக்கும். எடுத்துடட்டுமா?"

அந்தச் சமயத்தில் ஆசிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். ஆண்டுவிழாவுக்குப் பர்வீன் அவனைத் தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். அவன் பர்வீனை உருதுவில் அம்மி என்பான். சகாயமேரியைக் கண்டால் "அம்மா" என்று கத்திக்கொண்டு லைனுக்கே ஓடிவிடுவான். ஜெனிஃபர் பின்னாலேயே போய் அவன் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

"தப்பு இல்லம்மா. அந்தப் பையனுக்கு ரெண்டு பேர்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தைப் புது சிஸ்டத்துக்கும் கொண்டுபோனாள்.

இன்றைக்கு நீங்கள் வேலை பார்க்கிற சிஸ்டத்தில் அது இருக்கிறது. போய்ப் பாருங்கள், ஒரே ஒரு வரியில்தான் எண் இருக்கும். இடத்தை அடைக்கிறது என்று தோன்றினால் எனக்கு போன் செய்யுங்கள். குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் பேசுகிறேன்.